உட்கார்ந்து செய்யும் வேலை

என் மகளின் காலில் ரத்தம் கட்டிய கதையை நான் முதன்முதலாக முழுதாகக் கேட்டது பாலக்காட்டு ஆசுபத்திரி வராந்தாவில், முன்பின் தெரியாத ஒரு பெண்ணின் போனிலிருந்து. அவள் என் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்து, வாட்ஸ்அப்பில் வந்த ஒரு குரல் பதிவைச் சத்தமாக வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தாள். சித்தூர்ப் பக்கம் ஒரு பொட்டப்புள்ளை ராவும் பகலும் கம்ப்யூட்டரில் துப்பாக்கி விளையாட்டு விளையாடி, சோறு தண்ணி இல்லாமல் ஒரே இடத்தில் உட்கார்ந்து, கால் அழுகிப்போய், இப்போது காலை எடுக்கப்போகிறார்கள் என்றது அந்தக் குரல். பெத்தவங்களே சாக்கிரதையா இருங்க என்று முடிந்தது.

அந்தப் பெண் என்னைப் பார்த்து, "காலம் கெட்டுக் கெடக்குதுங்க" என்றாள். நானும் ஆமாம் என்று தலையை ஆட்டினேன். அதற்குப் பிறகுதான், அது என் கணவருடைய அக்காவின் குரல் என்பது எனக்கு உறைத்தது.

மகளுக்குக் கால் அழுகவில்லை. யாரும் காலை எடுக்கவும் போவதில்லை. இடது கெண்டைக்காலின் உள்நரம்பில் ரத்தம் உறைந்து, அதிலிருந்து ஒரு துணுக்கு நுரையீரல்வரை போய்விட்டிருந்தது. அவள் உள்ளே ஆக்ஸிஜன் குழாயோடு படுத்திருந்தாள். உயிருக்கு ஆபத்து தாண்டிவிட்டது என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள். அந்த நிம்மதியில் ஒரு டீ குடிக்கலாம் என்று வெளியே வந்த இடத்தில்தான் இதைக் கேட்டேன். டீ குடிக்கவில்லை. உள்ளே போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டேன்.

நான் வண்டிப்பெரியாரில், தேயிலைத் தோட்டத்துக் கூலிக்காரர் குடியிருக்கும் லயத்தில் பிறந்தவள். கல்யாணமாகிப் பாலக்காட்டுச் சித்தூருக்குப் பக்கத்தில் நல்லேப்பிள்ளிக்கு வந்தேன். கணவருக்கு நெல்வயல் உண்டு. வாய்க்காலில் தண்ணீர் வந்தால் இரண்டு போகம், வராவிட்டால் ஒன்று. மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் நான் சித்தூரில் ஒரு துணிக்கடையில் சேலைப் பிரிவில் நின்றேன். வேலை பார்த்தேன் என்பதைவிட நின்றேன் என்பதுதான் சரி. ஆள் வந்தாலும் வராவிட்டாலும் நிற்க வேண்டும். சுவரில் சாயக்கூடாது. சாய்ந்தால் மேலே இருக்கும் கேமரா பார்த்துவிடும். மாடியிலிருந்து ஒரு மணி அடிக்கும். பாத்ரூம் போக வேண்டுமென்றால் சூப்பர்வைசரிடம் கேட்க வேண்டும், அவர் முகத்தைச் சுளிப்பார். அதனால் நாங்கள் யாரும் மதியச் சாப்பாடுவரை தண்ணீர் குடிக்க மாட்டோம். பிறகு கேரளத்தில் கடைப் பெண்கள் உட்கார இடம் வேண்டுமென்று ரோட்டில் இறங்கிக் கேட்டார்கள், அதற்குச் சட்டம் வந்தது, எங்கள் கடையிலும் ஸ்டூல் போட்டார்கள். அதற்குள் என் இரண்டு காலிலும் நரம்பு முடிச்சுப் போட்டுவிட்டது. அதோடு வேலையை விட்டேன்.

ஆகவே மகளுக்கு டிகிரி முடித்த கையோடு வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைத்தபோது, கேட்டவர்களுக்கெல்லாம் நான் ஒரே பதிலைத்தான் சொன்னேன். "உட்கார்ந்து செய்யற வேலைங்க." கம்பெனி பெயரோ சம்பளமோ எனக்குப் பெரிதாகப் படவில்லை. அவள் உட்காரப்போகிறாள், அது போதும்.

வெளிநாட்டு ஆசுபத்திரிகளின் பில்களைப் படித்து, ஒவ்வொரு வைத்தியத்துக்கும் அதற்குரிய எண்ணைக் குறிக்க வேண்டும். அதுதான் வேலை. கம்பெனி கொடுத்த லேப்டாப்பின் ஓரத்தில் ஒரு பச்சைப் புள்ளி இருக்கும். மவுஸ் அசையாமல் சிறிது நேரம் போனால் அது மஞ்சளாகும், இன்னும் போனால் சிவப்பாகும். சிவப்பு எவ்வளவு நேரம் இருந்தது என்று மாசக் கடைசியில் அவளுடைய டீம் லீடர் சொல்லுவாள். மதியம் சாப்பிட ஒரு இடைவேளை உண்டு. மற்ற நேரம் எழுந்தால் சிவப்பு. பக்கத்தில் நான் வைக்கிற தண்ணீர்ப் பாட்டில் சாயங்காலம் அப்படியே இருக்கும். ஏன் குடிக்கவில்லை என்று கேட்டால், "குடிச்சா எந்திரிக்கோணும்மா" என்பாள். எனக்குத் துணிக்கடை ஞாபகம் வரும். ஆனாலும் அவள் ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறாளே என்று மனசைத் தேற்றிக்கொள்வேன்.

வேலை முடிந்ததும் தன்னுடைய சொந்தக் கம்ப்யூட்டரைப் போடுவாள். அதே மேஜை, அதே நாற்காலி. தலையில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு விளையாடுவாள். கூட விளையாடுகிறவர்களில் ஒருத்தி பாலக்காட்டில் அவளோடு கல்லூரி ஹாஸ்டலில் இருந்தவள். ஒருத்தி கோழிக்கோடு. மதுரைக்காரப் பையன் ஒருவன், அவனை யாருமே நேரில் பார்த்ததில்லை. பகல் முழுக்க அந்த அறையிலிருந்து எலிச் சத்தம்போல மவுஸ் சத்தம் மட்டும்தான் வரும். சாயங்காலம்தான் என் பிள்ளையின் குரல் வரும். "டேய், பின்னாடி பாரு, பின்னாடி!" என்று கத்துவாள். சிரிப்பாள். எனக்கு அந்த விளையாட்டு பிடிக்காது. வேலை முடிந்தும் அதே நாற்காலியா என்று அடுப்படியிலிருந்து சத்தம் போட்டிருக்கிறேன். "செத்த நேரம் வெளிய நடந்துட்டு வா" என்று எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். சில நாள் வருவாள், பல நாள் வரமாட்டாள்.

அறுப்பு மெஷின் எங்கள் வயலுக்கு வந்த வாரம் அது. மகள் இரண்டு மூன்று நாளாகக் கெண்டைக்கால் பிடிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தாள். தைலம் தேய்த்துவிட்டேன். வலித்த இடம் சூடாக இருந்தது, வீங்கியும் இருந்தது. சுளுக்கு என்று நினைத்தோம். அன்று காலை வயலுக்குக் கொண்டுபோகிற டீயைத் தூக்குப்போசியில் ஊற்றிக்கொண்டிருந்தேன். அவள் அடுப்படி வாசலில் வந்து நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"அம்மா, மூச்சு வரமாட்டீங்குது."

அவள் உதட்டு நிறம் எனக்குச் சரியாகப் படவில்லை. கணவருக்குப் போன் செய்தேன். மெஷின் சத்தத்தில் அவருக்குக் கேட்கவில்லை. பக்கத்து வீட்டு ஆட்டோவில் ஏற்றிச் சித்தூருக்குக் கொண்டுபோனேன். அங்கே பார்த்துவிட்டு உடனே ஆம்புலன்ஸில் பாலக்காட்டுக்கு அனுப்பினார்கள். வழியெல்லாம் அவள் என் கட்டைவிரலைப் பிடித்துக்கொண்டிருந்தாள். "சிவப்பாயிருக்கும்மா" என்று ஒருமுறை சொன்னாள். காலைச் சொல்கிறாள் என்று போர்வையை விலக்கிப் பார்த்தேன். அவள் சொன்னது லேப்டாப்பில் இருக்கும் புள்ளியை.

அடுத்த நாள் டாக்டரம்மா கட்டிலருகில் நின்று விசாரித்தார். மலையாளியானாலும் பாலக்காட்டுக்காரர்கள் பேசும் தமிழை நன்றாகப் பேசினார். நானும் கணவரின் அக்காவும் அங்கே இருந்தோம். அவரை நான் எங்கள் ஊர் வழக்கப்படி மதினி என்பேன். இந்தப் பக்கத்தில் நங்கையா என்பார்கள்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் உட்கார்ந்தே இருப்பே?"

"வேலை முடியற வரைக்கும் மேடம். காலைல இருந்து சாயங்காலம் வரைக்கும்."

"அதுக்கப்புறம்?"

"கொஞ்ச நேரம் கேம் விளையாடுவேன்."

"அதுவும் உட்கார்ந்துதானா?" டாக்டரம்மா எழுதிக்கொண்டே லேசாகச் சிரித்தார். "அப்ப இந்தக் கால் எப்பத்தான் நடக்கும்?"

அவ்வளவுதான் பேச்சு. காலையிலிருந்து சாயங்காலம்வரை என்ற பதிலும் மதினி காதில் விழுந்திருக்கும். ஆனால் அவர் எடுத்துக்கொண்டு போனது கேம் என்ற ஒரு சொல்லை மட்டும்.

பிறகு டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு விளக்கினார். காரணம் ஒன்றுதான் என்று சொல்ல முடியாது என்றார். மாதவிலக்குச் சரியாக வருவதற்காக அவள் சாப்பிட்டுவந்த மாத்திரை ஒரு காரணமாக இருக்கலாம். தண்ணீர் குடிக்காதது இருக்கலாம். குடும்பவாகு இருக்கலாம். என் கால் நரம்புகளையும் பார்த்தார். "நீண்ட நேரம் அசையாம உட்கார்ந்ததுதான் பெரிசு. எதுக்கு முன்னால உட்கார்ந்தான்னு ரத்தத்துக்குத் தெரியாது" என்றார். ரத்தம் உறையாமலிருக்கப் பல மாதம் மாத்திரை சாப்பிட வேண்டும், அடிக்கடி எழுந்து நடக்க வேண்டும், இறுக்கமான நீளச் சாக்ஸ் போட வேண்டும் என்றார். அது நான் போட்டிருந்த அதே வகைச் சாக்ஸ். நின்று நின்று எனக்கு வந்ததும், உட்கார்ந்து உட்கார்ந்து அவளுக்கு வந்ததும் ஒரே கடையில் ஒரே பெட்டியில் இருந்தன. அவளுடையது ஒரு அளவு மட்டும் சின்னது.

குரல் பதிவைப் பற்றி மதினியிடம் கேட்டேன். ரசஞ்சோற்றைத் தட்டில் போட்டுக்கொண்டே சொன்னார்: "நா பேரச் சொல்லுலியே கண்ணு. ஏதோ நாலு புள்ளைக பொழைக்கட்டும்னு சொன்னேன். கால எடுக்கறதுன்னு நாஞ் சொன்னனா? அப்பிடியா கேக்குது?" மறுபடி போட்டுக் காட்டினேன். "ஒரு பயம் இருந்தாத்தான கேப்பாங்க" என்றார். தினமும் இரண்டு பஸ் மாறிச் சோறு கொண்டுவருகிறவரிடம் நான் என்ன சண்டை போட முடியும்.

அந்த வாரத்துக்குள் பதிவு எங்கெங்கோ போய்விட்டது. ஒரு சாயங்காலம் வார்டு டிவியில் மலையாளச் சானல் ஒன்றில் அதைப் பற்றிச் சர்ச்சை ஓடியது. பாலக்காடு மாவட்டம் சித்தூரில் ஒரு யுவதி என்று ஆரம்பித்தார்கள். நான்கு பேர் நான்கு கட்டங்களில் இருந்தார்கள். ஒரு மனநல வைத்தியர், விளையாட்டு ஒரு போதை என்றார். கண்ணாடி போட்ட இளைஞன் ஒருவன், ஆறு மணி நேரம் சதுரங்கம் ஆடினால் மட்டும் அதைப் புத்திசாலித்தனம் என்பீர்களா என்று கேட்டான். ஓர் ஆசிரியை, இவற்றையெல்லாம் தடை செய்ய வேண்டும் என்றார். நான்காவது ஆள் பேச வாயெடுக்கும்போதெல்லாம் விளம்பரம் வந்தது. பக்கத்துக் கட்டில்களில் இருந்தவர்கள் பார்த்துக்கொண்டே எங்களை ஓரக்கண்ணால் பார்த்தார்கள். அந்தப் பெண் என்ன வேலை செய்தாள் என்று நால்வரில் ஒருவராவது கேட்பார்களா என்று நான் கடைசிவரை காத்திருந்தேன்.

மகள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டு, "மாத்தும்மா" என்றாள். ரிமோட் நர்ஸிடம் இருந்தது.

கொஞ்ச நேரத்தில் வண்டிப்பெரியாரிலிருந்து என் அக்கா வீடியோ காலில் கூப்பிட்டாள். "ஏட்டி, டிவில சொல்லுதானே சித்தூருன்னு, அது நம்ம புள்ளயாட்டி? எனக்கு நெஞ்சு பதக்குன்னு ஆயிட்டு. காலு இருக்கா?"

"இருக்குக்கா."

"எடுத்துட்டாவன்னுல்லா இங்க சொல்லுதாவ."

"இல்லக்கா. ரெண்டு காலும் இருக்கு." நான் போனை மகளின் கால் பக்கம் திருப்பிக் காட்டினேன். அவள் பெருவிரலை அசைத்தாள். அக்கா அழுதாள்.

டிஸ்சார்ஜ் ஆகி வீட்டுக்கு வந்தால், மேஜை பாதி காலியாக இருந்தது. என் கணவர் அவளுடைய சொந்தக் கம்ப்யூட்டரையும் ஹெட்போனையும் எடுத்து நெல்மூட்டை அறையில் வைத்துப் பூட்டியிருந்தார். கம்பெனி லேப்டாப்பை மட்டும் தூசி தட்டி மேஜை நடுவில் வைத்திருந்தார். மகள் குளிக்கப் போனதும் நான் கேட்டேன்.

"ஏங்க, அவ வேலைலதான அதிக நேரம் உக்காந்தா? டாக்டரே சொன்னாங்களே."

"வேலையச் சொல்லாத புள்ள. வேலை செஞ்சு ஆருக்காச்சும் சீக்கு வந்திருக்குதா? நாங்கூடத்தான் வெடியால இருந்து வயல்ல கெடக்கறேன்."

"என் காலப் பாத்தீங்கல்ல?"

அவர் என் காலைப் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, "அந்தக் கருமாந்தரம் இல்லீன்னா இது வந்திருக்காது. அவ்வளவுதான் எனக்குத் தெரியும்" என்று சொல்லிவிட்டு வயலுக்குப் போனார். அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. ஆசுபத்திரியில் மூன்றாம் நாள்வரை அவர் பச்சைத் தண்ணீர்கூட ஒழுங்காகக் குடிக்கவில்லை. ஒரு சாமானைப் பூட்டி வைத்தால் மகள் பிழைத்துக்கொள்வாள் என்று நம்ப முடிந்தால் யார்தான் நம்பமாட்டார்கள். வேலையைப் பூட்டி வைக்க முடியாதே.

டீம் லீடர் போன் செய்தாள். நல்ல குரல், சின்னப் பெண்ணாகத்தான் இருக்க வேண்டும். மகள் ஸ்பீக்கரில் போட்டாள். நாங்களெல்லாம் செய்தி பார்த்தோம், மிகவும் வருத்தம், ஓய்வு நேரத்தில் திரைக்கு முன்னால் உட்காருவதை இனிமேல் குறைத்துக்கொள் என்றாள். எப்போது திரும்ப வர முடியும் என்றும் கேட்டாள். மகள், "மேம், டாக்டர் அடிக்கடி எந்திரிச்சு நடக்கணும்னு சொல்லியிருக்காங்க. அந்த நேரம் சிவப்புல சேருமா?" என்று கேட்டாள். அதை மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றாள். சில நாள் கழித்து மேலிடத்திலிருந்து ஒரு பதில் வந்தது. நாற்காலியிலிருந்து எழாமலே காலை நீட்டி மடக்கும் பயிற்சிகள் படத்தோடு இருந்தன.

அந்த நாட்களில்தான் பஞ்சாயத்துப் பெண் மெம்பரும், வாயனசாலை என்கிற ஊர் நூலகத்தை நடத்தும் ரிட்டயர்டு வாத்தியாரும் வீட்டுக்கு வந்தார்கள். வாயனசாலையில் ஒரு சம்வாதம், அதாவது விவாதக் கூட்டம் வைக்கிறோம், தமிழிலும் மலையாளத்திலும் பேசலாம், பாதிக்கப்பட்ட பிள்ளையின் அம்மா நாலு வார்த்தை பேசினால் ஊருக்கு உபகாரமாக இருக்கும் என்றார்கள். மெம்பர் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னா எல்லாரும் கேப்பாங்கக்கா" என்றாள். எனக்கு இஷ்டமில்லை. ஆனால் மறுக்கவும் தெம்பில்லை. ஒருவேளை கேட்பார்களோ என்று ஒரு சின்ன ஆசையும் இருந்தது. நானும் வருகிறேன் என்றாள் மகள். "என்னப் பத்தித்தான பேசப்போறாங்க."

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம். மேடையில் துணிப் பேனர்: விளையாட்டா, விஷமா? பிளாஸ்டிக் நாற்காலிகள் வரிசையாகப் போட்டிருந்தார்கள். மகள் முதலில் என் பக்கத்தில் உட்கார்ந்தாள். கொஞ்ச நேரம் கழித்து எழுந்து பின்னால் போய்ச் சுவரோரமாக நடக்க ஆரம்பித்தாள். அவ்வளவுதான். ஒருவர் திரும்பி, "இரிக்கு மோளே" என்றார். இன்னொருவர் ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு அவளிடம் போனார். "உக்காரு கண்ணு, கால் சரியில்லாத புள்ள எதுக்கு நிக்கற?" அவள், நடக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்று விளக்கினாள். அவர் தலையாட்டிவிட்டு நாற்காலியை அவள் பக்கத்திலேயே போட்டுவிட்டுப் போனார். இயற்கை வைத்தியர் ஒருவர் பேசிக்கொண்டிருந்தார். அவள் குறுக்கும் நெடுக்கும் போவது அவருக்கு இடைஞ்சலாக இருந்திருக்கும்போல. பேச்சை நிறுத்தி, தயவுசெய்து எல்லோரும் அமருங்கள் என்றார். அசையாமல் உட்கார்வதால் வரும் கேடுகளைப் பற்றித்தான் அவர் பேசிக்கொண்டிருந்தார். மகள் என்னைப் பார்த்தாள். பிறகு வெளியே மாமரத்தடிக்குப் போய் அங்கே நடந்தாள்.

சித்தூரில் விளையாட்டுக் கம்ப்யூட்டர்களை வாடகைக்கு விடும் இளைஞன் ஒருவனும் வந்திருந்தான். அவனை எதிர்த்தரப்பு என்று மேடையின் அந்த ஓரத்தில் தனியாக உட்காரவைத்திருந்தார்கள். அவன் ஏதோ சொல்ல, பின்வரிசையிலிருந்து ஒரு தகப்பன் எழுந்து, உன் கடையால்தான் என் பையன் பத்தாம் வகுப்பில் தோற்றான் என்று கத்த, வாத்தியார் மணியடித்தார். காலைப் பற்றி ஆரம்பித்த பேச்சு பரீட்சை மார்க்குக்கும், செல்போனுக்கும், பெண் பிள்ளைகளின் உடைக்கும் போய், அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தது.

என்னைக் கூப்பிட்டார்கள். நான் எழுதிக்கொண்டு போகவில்லை. வீட்டில் என்ன பேசுவேனோ அதையே பேசினேன். என் மகள் விளையாடுவாள், உண்மைதான், அதுவும் உட்கார்ந்துதான், அதைக் குறைக்கச் சொல்லி நானே சண்டை போட்டிருக்கிறேன் என்றேன். ஆனால் விளையாடும்போது அவள் நினைத்தால் எழுந்துவிடலாம், வேலையில் எழ முடியாது என்றேன். பச்சைப் புள்ளியைப் பற்றிச் சொன்னேன். தண்ணீர் பாட்டிலைப் பற்றிச் சொன்னேன். துணிக்கடையில் நாங்கள் நின்றதையும் சொன்னேன். "எந்திரிக்க விடலைன்னாலும் கேடு, உக்கார விடலைன்னாலும் கேடு. யாரு விடலைங்கறதையும் பேசுங்க" என்று சொல்லி முடித்தேன். கைதட்டினார்கள். அதற்கு முன்னால் எல்லாருக்கும் தட்டினதைப் போலவே தட்டினார்கள். வாத்தியார் மைக்கை வாங்கி, ஒரு தாயின் வேதனையைக் கேட்டீர்கள், இனியாவது இந்த விளையாட்டுகளைக் கட்டுப்படுத்துவோம் என்று சொன்னார். அவர்மேல் தப்பில்லை. அந்தப் பேனருக்குக் கீழே வேறென்ன சொல்ல முடியும்?

வெளியே வந்தால், அந்தக் கடைக்கார இளைஞன் மாமரத்தடியில் மகளோடு சேர்ந்து நடந்துகொண்டிருந்தான். எந்த விளையாட்டு, என்ன ரேங்க் என்று கேட்டிருப்பான் போலிருக்கிறது. அவள் ஏதோ சொல்ல, அவன் நம்பாமல் நின்று, "சும்மா சொல்லாதீங்க!" என்றான். ஆசுபத்திரியிலிருந்து வந்த பிறகு அன்றைக்குத்தான் அவள் வாய்விட்டுச் சிரித்தாள்.

அடுத்த நாள் பேப்பரின் உள்பக்கத்தில் சின்னச் செய்தி வந்தது. விளையாட்டு என் மகளின் வாழ்வைக் குலைத்தது: தாய் கண்ணீர் என்று தலைப்பு. நான் முந்தானையால் முகத்தைத் துடைப்பது போட்டோவில் இருந்தது. அந்த ஹாலில் என் பக்கத்து ஃபேன் ஓடவில்லை. வேர்வையைத்தான் துடைத்தேன்.

பிறகு கொஞ்ச காலம் பஸ் ஸ்டாப்பில் எனக்கு மரியாதை கூடியது. முன்பின் தெரியாத அம்மாக்கள் வந்து, "உங்களால எம்பையன் போன கீழ வெச்சுட்டானுங்க" என்று நன்றி சொன்னார்கள். நான் இல்லையென்று சொல்லிப் பார்த்தேன். அவர்களுக்குப் பஸ் வந்துவிடும். ஒருத்தியிடம் மட்டும் முழுக்க விளக்கினேன், பச்சைப் புள்ளிவரைக்கும். பொறுமையாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "அதேதானுங்க, எல்லாம் இந்தக் கம்ப்யூட்டர் பண்ற வேலை" என்றாள். அதற்கப்புறம் நான் யாரிடமும் விளக்கவில்லை. ஆமாங்க என்று சொல்லிவிடுவேன். அது சீக்கிரம் முடிந்துவிடும்.

மகள் வேலைக்குத் திரும்பினாள். போனில் அலாரம் வைத்துக்கொண்டு, அடித்ததும் எழுந்து மாட்டுக்கொட்டாய்வரை போய்வந்தாள். தண்ணீர் குடித்தாள். மாசக் கடைசியில் சிவப்பு கூடியிருந்தது. டாக்டர் கொடுத்த கடிதத்தை அனுப்பினாள், பார்க்கிறோம் என்றார்கள். அடுத்த மாசமும் கூடியது. ஒரு நாள் மதியம் என் கணவர் சாப்பிட வந்தபோது, அவள் கொல்லையில் நின்று அழுதுகொண்டிருப்பதைப் பார்த்துவிட்டார். என்னவென்று கேட்டார். அவள் அவரை உள்ளே அழைத்துப்போய்த் திரையில் அந்தப் புள்ளியைக் காட்டினாள். மவுஸைத் தொடாமல் இருவரும் நின்றார்கள். பச்சை மஞ்சளாகி, மஞ்சள் சிவப்பாகும்வரை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார்.

"நாம இங்கயேதான நிக்கறோம்? அப்பறம் எதுக்குச் செவப்பாவுது?"

"நான் வேலை செய்யலைன்னு அர்த்தமுங்கப்பா."

அவர் சோறு தின்றார். கை கழுவினார். நெல்மூட்டை அறையைத் திறந்து கம்ப்யூட்டரையும் ஹெட்போனையும் கொண்டுவந்து மேஜையில் வைத்துவிட்டு வயலுக்குப் போனார். அவர் எதை நம்பினார், எதை விட்டார் என்று எனக்குத் தெரியாது. இன்றைக்கும் சொந்தக்காரர்கள் கேட்டால் விளையாட்டால்தான் வந்தது என்றுதான் சொல்கிறார்.

மழை பிடிப்பதற்கு முன்னால், அவளோடு இன்னும் பலரையும் சேர்த்து, பிராஜெக்ட் முடிந்துவிட்டது என்று கம்பெனி நிறுத்தியது. அவள் காரணமா, காரணமில்லையா என்று யாரும் சொல்லவில்லை. கோயமுத்தூரில் இரண்டு இடத்துக்கு இண்டர்வியூ போனாள். ஓரிடத்தில், நடுவில் ஏன் இத்தனை நாள் லீவு என்று கேட்டார்கள். உடம்பு சரியில்லை என்றாள். அவர்களில் ஒருவர் விண்ணப்பத்தில் ஊர்ப்பெயரைப் பார்த்துவிட்டு, முகத்தையும் கூர்ந்து பார்த்து, நீங்கள்தானா அந்தச் செய்தியில் வந்தது என்று கேட்டாராம். வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றிவிட்டு, "கொஞ்ச நாளைக்குப் பெரியம்மா ஊட்டுக்குப் போறம்மா" என்றாள்.

இப்போது வண்டிப்பெரியாரில் இருக்கிறாள். அக்கா வீட்டுக்குப் பக்கத்தில், சுற்றுலாக்காரர்களுக்கு ஏலத்தோட்டத்தைச் சுற்றிக்காட்டி, கடைசியில் ஏலக்காயும் மிளகும் விற்கும் இடம் ஒன்று இருக்கிறது. அங்கே வேலை. சம்பளம் பாதிதான். மேட்டிலும் பள்ளத்திலும் ஆட்களைக் கூட்டிக்கொண்டு நடக்கிறாள், வந்து கல்லாவில் உட்காருகிறாள், மறுபடி நடக்கிறாள். எத்தனை நாளைக்கு என்று தெரியாது. படித்த படிப்புக்கு இது இல்லை என்று எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். போனில் நாங்கள் அதைப் பேசுவதில்லை.

சானல்களில் இப்போது வேறு சர்ச்சை ஓடுகிறது. தெருநாய்களைப் பற்றி. மதினி அதற்கும் ஒரு குரல் பதிவு அனுப்பியிருந்தார், நான் கேட்கவில்லை.

நேற்று மகள் கூப்பிட்டபோது என் கணவர் போனை வாங்கி, "கேமு ஆடறயா கண்ணு?" என்று கேட்டார்.

"இங்க சிக்னல் நிக்க மாட்டீங்குதுங்கப்பா. எப்பவாச்சும்தான்."

"செரி, செரி" என்று போனை என்னிடம் கொடுத்தார். அங்கே மழை கொட்டுகிற சத்தம் கேட்டது. டூரிஸ்ட் யாரும் வரவில்லை, காலையிலிருந்து கல்லாவிலேயே உட்கார்ந்திருக்கிறேன் என்றாள். எழுந்து நட என்றேன். நடந்துகொண்டுதான் பேசுகிறேன் என்றாள். மாத்திரை இருக்கிறதா என்று கேட்டேன். ரெண்டு நாளைக்கு இருக்கும், அதற்குள் மருந்துக் கடைக்குப் போய் வாங்க வேண்டும் என்றாள்.